வெளிச்சம் படாமல்

கொல்லிமலையில் ஒரு தடவை மேகம் இறங்கிவிட்டால், அப்புறம் அதை எழுந்து போ என்று சொல்ல ஆள் கிடையாது. வேண்டாத விருந்தாளி மாதிரி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜாடியில் உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும், துவைத்துப் போட்ட துணி நாள் கணக்கில் ஈரமாகவே கிடந்து நாறும். அதனால் அந்த மலையின் தேவனூர் நாட்டில் ஐப்பசி பிறந்தால் எந்த வீட்டிலும் அடுப்புக்கு மேலே இருக்கிற மூங்கில் அட்டாலியில் இடம் இருக்காது. மிளகு, சாமை, பிள்ளைகளின் நோட்டு, ரேஷன் கார்டு, தலையணை எல்லாம் அங்கேதான் ஏறி உட்கார்ந்து புகை குடித்துக்கொண்டிருக்கும். மேலே போடு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஈரமாக ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக அதை மேலே போட்டுவிடும்.

இந்த மேகத்தோடுதான் யமுனா மல்லுக்கு நின்றாள். பாவம், வேறு யாரும் கிடைக்கவில்லை அவளுக்கு.

அன்றைக்குக் காலையிலும் வாசலில் குந்தி உட்கார்ந்து, பிளாஸ்டிக் தட்டத்துத் தண்ணீருக்குள் ஒரு பலகையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலப் பலகை. ஒரு பக்கம் செப்புத் தகடு ஒட்டியது. செம்பின் மேல் பச்சைப் பசை ஆடை கட்டியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் தண்ணீர் பட்டதும் அந்தப் பசை அங்கங்கே கரைந்து ஓட வேண்டும், கோடு கோடாகக் கொஞ்சம் மட்டும் நிற்க வேண்டும். எங்கே! ஒரு பொட்டுகூடக் கரையவில்லை. பெயின்ட் அடித்த கதவு மாதிரி பளபளவென்று அவளையே பார்த்தது அது.

"ஓப்பன் ஆச்சா?" என்று உள்ளேயிருந்து அவள் புருஷன் மணிவண்ணன் கேட்டான். இரண்டு வார்த்தை கேட்டதற்கு நாலு இருமல் வந்தது.

"ஆச்சு, ஆச்சு. என் மண்டைதான் ஓப்பன் ஆச்சு. வந்து பாருங்க."

இது என்ன கூத்து என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் யமுனா சேந்தமங்கலத்தில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, ஜவுளிக்கடைத் துணிப்பை என்று அடித்துத் தள்ளிய கை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எமல்ஷன் என்கிற பசையைத் தடவி, வெளிச்சம் படாமல் காயவைத்து, மேலே எழுத்து அச்சான பிலிமை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் கெட்டியாகிவிடும். எழுத்து மறைத்த இடம் இளசாகவே இருந்து தண்ணீரில் கரைந்துவிடும். அந்த வழியாகத்தான் மை இறங்கி மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் அட்டையில் விழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அதே பசையை வலைக்குப் பதிலாகச் செப்புப் பலகையில் தடவினால்? பிலிமில் கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக்கி, கோடு வேண்டிய இடத்தில் மட்டும் வெயில் விழச் செய்தால்? கோட்டின் மேல் பசை கெட்டியாகிச் செம்பைக் காப்பாற்றும். மற்ற இடத்துப் பசை கரைந்து செம்பு வெளியே தெரியும். அப்புறம் பெர்ரிக் குளோரைடு என்கிற காப்பிக் கலர் தண்ணீரில் முக்கினால், வெளியே தெரிகிற செம்பையெல்லாம் அது தின்றுவிட்டு, பசைக்கு அடியில் இருக்கிற கோட்டை மட்டும் விட்டுவைக்கும். சர்க்யூட் போர்டு ரெடி. கம்பெனியில் மெஷின் வைத்துச் செய்கிறதை யமுனா ஒரு பிளாஸ்டிக் தட்டத்திலும் ஒரு பழைய ஸ்கேலிலும் செய்யப் பார்த்தாள்.

யோசனையைக் கிளப்பிவிட்டவர் அருள்மொழி. அந்தப் பிரிண்டிங் கடைக்கு அடுத்த கடைக்காரர். கோழிப்பண்ணைகளுக்கு லைட் டைமர் செய்து விற்பவர். கோழி ஒழுங்காக முட்டை போட வேண்டும் என்றால் விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பின்னாலும் கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும், அதுவும் கணக்காக. அந்தக் கணக்கைப் பார்க்கிறதுதான் டைமர். பண்ணைக்குப் பண்ணை ஒவ்வொரு அளவில் கேட்பார்கள். இவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்டு வேண்டும், கொஞ்சமாகக் கேட்டால் பெரிய கம்பெனிக்காரன் போனையே எடுப்பதில்லை. சித்திரையில் கீழே போயிருந்த யமுனா அவர் மேசையில் கிடந்த போர்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எங்க எமல்ஷன் வேலையாட்ட இருக்குதுங்களே," என்றாள். அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வெறும் பலகையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்தச் சித்திரையில் செய்த முதல் பலகை, அடடா, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. வெயில் காலம். பசை தடவிய பலகையை உள் அறையில் தகரப்பெட்டிக்குள் வைத்து மூடினாள், காய்ந்தது, வெயிலில் காட்டினாள், கழுவினாள், திறந்தது. அருள்மொழி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் தோத்தான் போ," என்றார். "புரட்டாசியில புது டைமர் எறக்கறேன். ஒரே மாதிரி அஞ்சு பலகை போட்டுக் குடும்மா. அஞ்சும் சுத்தமா இருந்தா மாசா மாசம் வேலை உனக்குத்தான். தீபாவளிக்குள்ள குடுத்துரு. அதுக்கப்புறம் பண்ணைக்காரங்க என் சட்டையப் புடிப்பாங்க."

இதில் யமுனாவுக்கு என்ன இத்தனை துடிப்பு என்றால், அதற்குக் காரணம் உள்ளே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது.

மணிவண்ணன் ரிக் லாரிக்குப் போகிறவன். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற வண்டி. தீபாவளி கழிந்தால் வண்டி ஏறுவான், சத்தீஸ்கரோ ஒடிசாவோ, மழை பிடிக்கிற சமயம்தான் திரும்புவான். பாறையில் துளை இறங்கும்போது கிளம்புகிற வெள்ளைப் புழுதியை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் குடித்தான். போன வைகாசியில் வந்தவன், காட்டிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மேடேற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். நாமக்கல்லில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நெஞ்சுல கல்லுப் பொடி படிஞ்சு கெடக்குது. இருக்கறத எடுக்க மருந்து இல்லப்பா. இன்னொரு சீசன் போனியின்னா என்கிட்ட வராத," என்றார்.

சொல்லிவிட்டார். ஆனால் மிளகுக் கொடி வாடல் நோயில் போய்விட்டது. குச்சிக்கிழங்குக் காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போனது. மூட்டை தூக்க முடியாத ஆம்பளைக்கு மலையில் என்ன வேலை இருக்கிறது? அதனால் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம்.

"அஞ்சு பலகை நல்லா வந்துட்டா நீங்க வண்டி ஏறக்கூடாது."

"வந்துட்டா நான் எதுக்குப் புள்ளை போறேன்? உன்ற பக்கத்துல உக்காந்து பலகைக்கு ஓட்டை போட்டுக் குடுக்கறேன். நானும் போர் போடறவன்தானே?"

கைத் துளைப்பான் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதன் ஊசி குண்டூசி கனம்கூட இல்லை. ஆயிரம் அடி துளைத்த கை அதைப் பிடித்துக்கொண்டு பழைய பலகையில் ஒத்திகை பார்க்கும்போது யமுனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாதம்மாள், மணிவண்ணனின் அம்மா. புருஷனைச் சீக்கிரம் பறிகொடுத்தவள், இருப்பது இந்த ஒரு மகன். இந்தப் பலகை சமாச்சாரத்தில் அவளுக்கு ஒரு இழவும் புரியவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இது நல்லா வந்தால் மகன் போகமாட்டான். வெளிச்சம் பட்டால் இது நல்லா வராது. மருமகள் சொன்னது அதுதான். "அத்தை, காயற வரைக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாதுங்க. பட்டுச்சு, அத்தனையும் பாழு." அன்றிலிருந்து மாதம்மாள் உள் அறைக்குக் காவல் தெய்வமாகிவிட்டாள். சன்னலுக்குச் சாக்கு கட்டினாள். ஓட்டில் இருந்த ஓட்டையைத் துணி வைத்து அடைத்தாள். செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பூங்குழலியை, "லைட்டு கொண்டாராத, அக்கட்டால போடி!" என்று வாசலோடு விரட்டினாள். அந்தப் பெண் இன்றைக்கும் இந்த வீட்டுப் பக்கம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

புரட்டாசிக் கடைசியில் அருள்மொழி பிலிமும் பலகைகளும் கொடுத்தனுப்பினார். அன்றைக்கே மேகம் இறங்கியது.

அதற்கப்புறம் ஒன்றும் சரியாக வரவில்லை. பொழுது சாய்ந்ததும், சிவப்பு வெளிச்சம் பசையைக் கெடுக்காது என்று, சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பின் கீழ் உட்கார்ந்து, புளி போட்டு விளக்கிய செம்பில் ஸ்கேலால் பசையை இழுப்பாள். "தோசை ஊத்தறவளே, முறுகலா ஒண்ணு," என்பான் மணிவண்ணன். பலகைகளைத் தகரப்பெட்டியில், ஈரம் இழுக்கட்டும் என்று அடுப்புக் கரித்துண்டுகள் பரப்பி, அதன் மேல் அடுக்கி மூடுவாள். காலையில் எடுத்தால் நன்றாகவே காய்ந்திருக்கும். அதுவரை குறையில்லை. இந்த மழையிலும் காய்கிறதே என்று கரித்துண்டைத்தான் மெச்சிக்கொண்டாள். வெயில் எப்போதாவது ஒரு எட்டு எட்டிப் பார்க்கும், அதற்காகக் காத்திருந்து ஓடிப்போய்க் காட்டுவாள். கழுவினால் திறக்காது.

வெயில் கூடிப்போச்சோ என்று நேரத்தைக் குறைத்தாள். திறக்கவில்லை. பிலிமில் கறுப்புப் போதவில்லையோ என்று கீழே போய்ப் புதிதாக எடுத்து வந்தாள். பசை பழசோ என்று சேலத்திலிருந்து வேறு டப்பா வரவழைத்தாள். ஒரு தடவை வெயிலிலேயே காட்டாமல் சும்மா ஒரு பலகையைக் கழுவிப் பார்த்தாள். அதுவும் திறக்கவில்லை! அப்படியானால் பெட்டிக்குள் இருக்கும்போதே எங்கேயோ வெளிச்சம் படுகிறது. வேறு என்ன? பெட்டியின் இடுக்கையெல்லாம் மாவுக்கூழ் காய்ச்சிக் காகிதம் ஒட்டி அடைத்தாள். பலகை ஓரத்தில் சில சமயம் கரி ஒட்டியிருந்தது. உள்ளே கரித்துண்டு கிடக்கிறதே, ஒட்டத்தான் செய்யும்.

"கோழிக்குக் கெடைக்கற வெளிச்சம் எனக்கு வேணாம்ங்க. வேணாங்கற எடத்துல விழாம இருந்தாப் போதும்," என்றாள் புருஷனிடம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சுரேந்தரிடமிருந்து போன் வந்தது. ரிக் வண்டிக்கு ஆள் சேர்க்கிறவன், திருச்செங்கோட்டுப் பக்கம்.

"மணி, உன்னைய ராடு தூக்கச் சொல்லலப்பா. சமையல் பாத்துக்க, போதும். வண்டி தீபாவளி கழிஞ்சதும் கெளம்புது. வாரேன்னா வாரேன்னு சொல்லு, இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

மணிவண்ணன் யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

"சமையக்காரன்னா புழுதி ஒதுங்கிப் போகுமாக்கும்?" என்றாள் யமுனா. "அதே வண்டி, அதே காடு. ஒலை வெச்ச சட்டியிலயும் அதுதான் விழும்."

"பலகை வரட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

பலகை வரவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைசி என்று நினைத்துத் தடவிய ஐந்தும் அதே மாதிரி பளபளவென்று முறைத்தன. அன்று காலைதான் மணிவண்ணன் சொன்னான், முந்தின நாள் ராத்திரி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அந்தத் தகரப்பெட்டியைத் திறந்தேன், செல் லைட்டை ஒரு நொடி அடித்தேன், பலகை இருக்கிற ஞாபகமே இல்லை என்று.

யமுனாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"ஒரு நொடியா? ஒவ்வொரு வாட்டியும் இதே வேலைதானா? இத்தன நாளா நான் பைத்தியக்காரியாட்டத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். போகணும்னு முடிவு பண்ணிட்டா வாயத் தொறந்து சொல்லுங்க. எதுக்கு இப்படிக் கெடுக்கறீங்க?"

"சத்தியமா நேத்து மட்டும்தான் புள்ளை."

"ஏன்டா, லைட்ட எதுக்குடா அடிச்ச?" என்று மாதம்மாளும் சேர்ந்துகொண்டாள். "நான் இருட்டுல கையாலயே தடவித் தடவிப் பொழங்கறேன். உனக்கு லைட்டு கேக்குதா?"

மணிவண்ணன் எழுந்துபோய் வாசலில் நின்று சுரேந்தருக்குப் போன் போட்டான்.

தீபாவளி வந்தது, போனது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள் என்று பெயர்.

கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மீந்துபோன பசையை யமுனா தடவ உட்கார்ந்தாள். இனி எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அருள்மொழி சொன்ன கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மணிவண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொடுத்தான். தோசை என்ற பேச்சே வரவில்லை. ஐந்தையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அடுப்படியில் மாதம்மாள் மகனின் நாலு சட்டை, இரண்டு லுங்கி, கம்பளி, துண்டு எல்லாவற்றையும் அட்டாலியில் நெருக்கி நெருக்கிப் பரப்பிக்கொண்டிருந்தாள். துவைத்த துணி எதுவும் காயவில்லை. போகிற பிள்ளையை ஈரத்துணியோடா அனுப்புவது?

காலையில் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டபோது, "சூடா இருக்குதும்மா," என்றான். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மாதம்மாள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யமுனா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனாள். மேகத்தில் பக்கத்தில் நிற்கிறவன் முகமே தெரியவில்லை. பஸ்ஸில் கால் வைத்தவன் திரும்பி, "நான் அன்னைக்கு லைட்டு அடிச்சிருக்கக் கூடாது புள்ளை," என்றான். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். பஸ் கிளம்பியதும் வண்டி கண்ணுக்கு மறைந்துவிட்டது, வளைவுக்கு வளைவு ஹாரன் சத்தம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனது.

இரண்டு நாள் மாமியாரும் மருமகளும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்பை ஒரு வேளை பற்றவைத்தார்கள், ஒரு வேளை விட்டுவிட்டார்கள். பெட்டியை யாரும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தால், வெயில்! அப்படி ஒரு வெயில். ஆளைக் கிளப்பி அனுப்பிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி மேகம் ஒதுங்கிக்கொண்டது. சில்வர் ஓக் மர உச்சியெல்லாம் தெரிந்தது. யமுனாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறெரிந்தது. மாதம்மாள் விறகு பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். வெயில் வீணாகப் போகிறதே என்கிற ஆற்றாமையில்தான் போய்ப் பெட்டியைத் திறந்தாள். பலகைகள் காய்ந்திருந்தன. பிலிமை வைத்து, கண்ணாடியை அழுத்தி, வெயிலில் காட்டி, தட்டத்துத் தண்ணீரில் போட்டாள்.

பச்சை கரைந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தண்ணீர் பச்சையாகிறது. விரலை வைக்கிறதுக்கு முன்னாலேயே பசை நூல் நூலாகப் பிரிந்து ஓடுகிறது. அடியில் செம்பு புதுத் தாலிக்கொடி மாதிரி மின்னுகிறது. அதன் நடுவே கோடு, கோடு, கோடு. தலைமுடி கனத்துக் கோடுகூட அறுந்துபோகாமல் நிற்கிறது. அடுத்ததைப் போட்டாள். அதுவும் அப்படியே. ஐந்தும் அப்படியே! "அத்தை! அத்தை!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினாள். பதில் இல்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, டவர் கிடைக்கிற பாறை மேட்டுக்கு ஓடினாள்.

மணிவண்ணன் போனை எடுத்தான். பின்னால் லாரி இரைச்சல்.

"வந்துருச்சுங்க! அஞ்சும் வந்துருச்சு! நீங்க எறங்கி வந்துருங்க!"

"எங்க புள்ளை எறங்கறது? ஐதராபாத்தெல்லாம் தாண்டியாச்சு. ஏறுனவன சீசன் முடியாம விடமாட்டாங்கன்னு உனக்குத் தெரியாததா?" இருமினான். "மொதல்ல அருள்மொழி சாரைக் கேளு. அவரு வேலை தரேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இவனுங்க கையக் காலப் புடிச்சாவது வந்து சேந்துடறேன்." அப்புறம் சிரிக்கிற குரலில் சொன்னான், "பாத்தியா, நான் ஊட்ல இல்லீன்னா எல்லாம் ஒழுங்கா வருது."

யமுனா போனை வைத்துவிட்டு அருள்மொழிக்குப் போட்டாள். ஐந்தும் வந்துவிட்டதைச் சொன்னாள்.

"அடடா, யமுனா. நேத்துத்தாம்மா கோயமுத்தூர்ல ஒரு பார்ட்டிக்குச் சொல்லிவிட்டேன். வருசத்துக்கும் சேத்துப் பேசியாச்சு. பண்ணைக்காரங்க கழுத்துல கத்தி வெச்சுட்டாங்க. தீபாவளி தாண்டியும் நாலு நாளு உனக்காகப் பொறுத்துத்தான் பாத்தேன்." உண்மையாகவே வருத்தப்பட்டார். "சித்திரையில வந்தது, இப்ப வந்தது, நடுவுல மட்டும் என்னம்மா ஆச்சு?"

"தெரியலீங்க சார்," என்றாள்.

வீட்டுக்கு வந்து ஐந்து பலகையையும் முறத்தில் வரிசையாக வைத்து அதன் எதிரில் உட்கார்ந்தாள். வெயில் அவற்றின் மேல் நன்றாக அடித்தது. இனி எவ்வளவு அடித்தால் என்ன?

மாதம்மாள் விறகுக் கட்டோடு வந்தாள். முறத்தைப் பார்த்ததும் கட்டை அப்படியே கீழே போட்டாள். பக்கத்தில் வந்து குனிந்து, தொடலாமா என்று கண்ணால் கேட்டுவிட்டு, ஒரு பலகையை விரல் நுனியால் தொட்டாள்.

"ஆயிருச்சா சாமி?"

"ஆயிருச்சுங்கத்தை."

"மாரியாத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. "நான் பயந்துக்கிட்டே கெடந்தேன் கண்ணு. இந்த வாட்டி ஈரமாவே கெடந்து கெட்டுப்போயிருமோன்னு. எப்பவும் வெடியால அடுப்பப் பத்த வெச்ச ஒடனே இதுகள எடுத்து மேல வெச்சிருவேன். நீ எந்திரிக்கறதுக்குள்ள காஞ்சிரும், திரும்பப் பொட்டியில வெச்சிருவேன். கருப்புச் சீலையில சுத்தித்தான் வெப்பேன், ஒரு பொட்டு வெளிச்சம் பட வுட்டதில்ல. கண்ணக்கூட மூடிக்குவேன்னா பாரேன். அன்னைக்குத்தான் அட்டாலி பூரா அவன் துணி. எடமே இல்ல. அப்புறம் அவன் போனதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

யமுனா திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

பிரிண்டிங் கடையில் ஒரு தடவை எவளோ ஒருத்தி பசை தடவிய சட்டத்தை அயர்ன்பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டாள். அந்தச் சட்டமும் திறக்கவே இல்லை. சூட்டில் வெந்தால் இருட்டிலும் இந்தப் பசை கெட்டியாகிவிடும். அது யமுனாவுக்குத் தெரியும். தெரிந்ததுதான்! வெளிச்சம் வெளிச்சம் என்று ஊரையே விரட்டியடித்தவள், அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. தகரப்பெட்டியில் வைத்த பொருள் எதற்கு அடுப்புக்கு மேலே ஏறப்போகிறது என்று அவளுக்கு எண்ணமே ஓடவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துத் துடைத்து எறிந்தாளே. லைட் அடித்ததாகச் சொல்லி அவனை அந்தப் பேச்சுப் பேசினாளே. அந்தப் பேச்சோடுதான் அவன் வண்டி ஏறினான்.

அத்தையிடம் சொல்ல வாயைத் திறந்தாள்.

மாதம்மாள் முறத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வெயில் பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று முந்தானையை விரித்துப் பலகைகளுக்கு மேல் நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இனி அவன் வந்துருவான்ல கண்ணு?"

யமுனா வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்த வாட்டி நீ ஒண்ணும் கவலப்படாத," என்றாள் மாதம்மாள். "எத்தன துணி கெடந்தாலும் எல்லாத்தையும் தூக்கி அக்கட்டால போட்டுட்டு, இதுகள மறக்காம மேல வெச்சுடறேன்."

"சரிங்கத்தை," என்றாள் யமுனா.